ஒம்பதாம் நம்பர் சட்டை

தம்பி, இந்தப் பெட்டிய மட்டும் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுதியளா? சாய்ச்சுராதிய, நேரா, ஆங், அப்படித்தான். மேல கம்பியில வச்சா ஒரு வளைவுல உருண்டு விழுந்துரும். உள்ள மக்ரூன். தூத்துக்குடில இருந்து கைப்பிள்ள மாதிரி சுமந்துட்டு வாரேன். நாகர்கோயில்ல பஸ் மாறும்போது ஒரு அம்மா கூடையால இடிச்சுட்டாவ, எனக்கு உயிரே போயிட்டு. ஒண்ணு நொறுங்குனாலும் மொத்தப் பெட்டிக்கும் மரியாதை போயிரும், பாத்துக்கிடுங்க.

நான் சூசைத்துறைக்குப் போறேன். திருவிழாப் பந்து ஃபைனல் இன்னிக்கு. நீங்க எங்க இறங்கணும்? இருங்க, கண்டக்டர் வாராரு, முதல்ல டிக்கெட்ட எடுத்துருவோம். சூசைத்துறை ஒண்ணுய்யா. நல்லது.

என் பேரு பொன்சிங். அருளப்பர் காலேஜ் வாசலுக்கு நேர் எதுத்தாப்ல மக்ரூன் கடை. காலேஜ் புட்பால் டீமுக்கு நான்தான்... எப்படிச் சொல்ல, பதவின்னு ஒண்ணும் கிடையாது. ஆனா நான் இல்லாம ஒரு மேட்ச் நடக்காது. நான் அங்க படிச்சேனான்னு மட்டும் கேட்டுராதிய, எல்லாப் பயலும் அதத்தான் கேக்கான். படிக்கல. பத்தாங்கிளாஸோட எங்க அப்பா முட்டை உடைக்க உக்கார வச்சுட்டாரு. அதுக்காக? மதில் சுவத்துக்கு இந்தப் பக்கம் முந்திரிப் பெட்டிய அடுக்கி, அது மேல ஏறி நின்னு எத்தனை வருசம் மேட்ச் பாத்திருக்கேன் தெரியுமா? காசு குடுத்துப் படிச்சவன் கேன்டீன்ல உக்காந்திருப்பான், நான் பெட்டி மேல நிப்பேன்.

அப்பத்தான் ஞானதுரை சார் வந்தாரு. பிசிக்கல் டைரக்டர், பி.டி. சார்னு சொல்லுவோம். வந்த முதல் வாரமே மதில் மேல தலையப் பாத்துட்டு, "அண்ணாச்சி, உள்ள வாங்க"ன்னு கூப்பிட்டு, கிரவுண்டு ஓரக் கோட்டுக்குப் பக்கத்துல ஒரு நீல நாற்காலி போட்டாரு. பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனா அன்னில இருந்து அந்த நாற்காலில வேற ஒருத்தன் உக்கார மாட்டான். பிரின்சிபால் வந்தாக்கூட நின்னுட்டுதான் பாப்பாரு. எனக்கு வாழ்க்கைல கிடைச்ச மரியாதைன்னா அந்த நாற்காலிதான் தம்பி. அதுக்கு ஒரு ஆபத்து வந்துச்சு. அந்தக் கதையத்தான் சொல்ல வந்தேன்.

மே மாசம் பிறந்தா எனக்குப் பிரஷர் ஏறிரும். வெயில்னால இல்ல, சேர்க்கைனால. நல்ல ஆட்டக்காரப் பயலுவ எல்லாம் பிளஸ் டூ முடிச்சுட்டு வெளிய வார நேரம். எவன் எந்தக் காலேஜுக்குப் போறான்னு அந்த ஒரு மாசத்துல முடிவாயிரும், பிறகு மூணு வருசம் அழுதாலும் நடக்காது. எங்களுக்கு ஜென்ம விரோதி பாளையங்கோட்டை வேதமாணிக்கம் காலேஜ். அவன் எப்படி ஆள் பிடிப்பான்னு நினைக்கிய? பையன் கடைசிப் பரீட்ச எழுதிட்டு வாசலுக்கு வாரதுக்குள்ள கார் நிக்கும். அவங்க பி.டி. மோசஸ் துரை இறங்குவாரு. கையில அல்வா. புது ஹாஸ்டல்ம்பாரு, கேரளாக் கோச்சும்பாரு, ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறிம்பாரு, தங்கச்சி இருக்காளா, அவளுக்கும் சீட்டும்பாரு. பெத்தவங்களுக்குப் பேச்சு வருமா?

எங்கள்ட்ட என்ன இருக்கு? மெஸ்ல சாம்பார் இருக்கு. கிரவுண்டு மேக்க கொஞ்சம் சரிவு, ரெண்டாம் பாதில பந்து தானா அவங்க கோலுக்கு உருளும், அது ஒரு வசதி. மத்தபடி என் மக்ரூன். நல்ல பையன்னு கேள்விப்பட்டா நான் ஒரு பெட்டியோட போய் நின்னுருவேன். யாரும் அனுப்பல, என் சொந்தச் செலவு, என் சொந்தக் கவலை. என் வீட்டுக்காரி ஜெயசீலி சொல்லுவா, "பெத்த மகளுக்கு மாப்பிள்ள பாக்க ஒரு வீட்டு வாசப்படி ஏறல, கண்டவன் மகனுக்கு ஊர் ஊரா மக்ரூன் தூக்குதிய"ன்னு. பொய். ஒரு மாப்பிள்ளையப் போய்ப் பாத்தேன். நல்ல பையன். பேச்சுவாக்குல நீங்க வலது காலா இடது காலான்னு கேட்டுட்டேன். மாப்பிள்ளைக்குக் கால்ல ஏதோ கோளாறுன்னு நான் சந்தேகப்படுதேன்னு அவங்க அம்மா கோவிச்சுக்கிட்டாவ. அதுக்கு நான் என்ன செய்ய?

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், மே மாசம். மூணு வருசத்துக்கு முந்தி இதே சூசைத்துறை, இதே திருவிழா ஃபைனல். கடற்கரை மணல்ல கிரவுண்டு. சாயங்காலம் லைட் போட்டாச்சு. கூட்டம்னா கூட்டம், வள்ளத்து மேலல்லாம் ஏறி நிக்கான். சூசைத்துறை டீமுல ஒம்பதாம் நம்பர்னு ஒரு பையன் இறங்குனான் பாருங்க. அந்த இடது கால் இருக்கே! பந்து அதுல ஒட்டிக்கிட்டு வருது. மைக்ல ஒருத்தன், "சஜின்... சஜின்... இதோ சூசைத்துறையின் சொந்த மைந்தன் சஜின்"ன்னு தொண்டை கிழியக் கத்துதான். மூணு கோல் தம்பி. மூணும் இடது கால். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. சிறந்த ஆட்டக்காரன்னு கோப்பையும் சஜினுக்குத்தான்.

அப்பத்தான் பாக்கேன், எதுத்தாப்ல மோசஸ் துரை நிக்காரு. கடலை கொறிச்சுட்டு நிக்காரு. ஒரு பதட்டம் கிடையாது, ஓட்டம் கிடையாது, சும்மா சிரிச்ச முகமா நிக்காரு. எனக்குச் சொரேர்ன்னுச்சு. இந்த ஆளு ஏதோ பெரிய திட்டத்தோட வந்திருக்காருன்னு நினைச்சேன். இப்ப நான் போய் அந்தப் பையன்ட்ட பேசுனா அவரு பாத்துருவாரு. அதனால கூட்டத்தோட கூட்டமா நழுவி, லாட்ஜ்ல தூங்காமக் கிடந்து, விடியுததுக்குள்ள விசாரிச்சு சஜின் வீட்டு வாசல்ல நின்னுட்டேன். வெள்ளச் சட்டை, கையில பெட்டி. வீடு தேடும்போதுகூட பையன் விசயம்னு ஒருத்தர்ட்டயும் சொல்லல. அவ்வளவு ரகசியம்.

அவங்க அம்மா பேரு பிலோமினாள். அப்பா கடலுக்குப் போயிருந்தாரு, போனா வாரக்கணக்குல வரமாட்டாராம். அந்த அம்மா கதவத் திறந்துச்சு. நான் வணக்கம்கூடச் சொல்லல, அவசரம். "ஏம்மா, நேத்து ஒம்பதாம் நம்பர் சட்டை போட்டு ஆடுனது உங்க மகன் சஜின்தானே?"ன்னு கேட்டேன். அந்த அம்மா முகம் வெளுத்துட்டு. "ஆமா சாரே, ஒம்பதாம் நம்பரு களிச்சது எனக்க மவன்தான்"ன்னுச்சு. இந்தப் பக்கம் பந்து ஆடுததக் களிக்கதும்பாவ. நல்லாத் தெரியுமான்னு மறுபடி கேட்டேன். "மாதா மேல சத்தியமா எனக்க மவன்தான் சாரே." குரல் நடுங்குது. கண்ணெல்லாம் தண்ணி. மகன் ஆட்டத்த நினைச்சு ஒரு தாய்க்கு இவ்வளவு உருக்கமான்னு நானும் கண்ணத் தொடச்சுக்கிட்டேன்.

பையன் உள்ள இருந்து வந்தான். ஒல்லி. கண்ணாடி போட்டிருந்தான். கைலி தரையத் தொடுது. நேத்துப் பாத்தவனா இவன்னு உங்களுக்குத் தோணும். எனக்குத் தோணல. ஏன்னா நான் ஆட்டக்காரன் முகத்தப் பாக்கவே மாட்டேன் தம்பி, அது என் பழக்கம். காலத்தான் பாப்பேன். முகத்தப் பாத்து ஆள் எடுக்கதுக்கு இது என்ன சினிமாவா? கால் அன்னிக்குக் கைலிக்குள்ள இருந்துட்டு. அதுக்கு நான் பொறுப்பா? டிவி மேல பாத்தா கோப்பை இருக்கு, சஜின்னு பேரு எழுதி ஒட்டி. பிறகு என்ன சந்தேகம்?

அவன் ஏதோ சொல்ல வாயத் திறந்தான். நான் கையக் காட்டி நிப்பாட்டிட்டேன். "ஒண்ணும் பேசாத. எல்லாம் எனக்குத் தெரியும். அருளப்பர் காலேஜ்ல உனக்கு சீட்டு, ஹாஸ்டல், மெஸ், எல்லாம் என் பொறுப்பு. ஒரே ஒரு கண்டிசன். ஒம்பதாம் நம்பர் யாருன்னு எவன் வந்து கேட்டாலும் இப்பச் சொன்னதையே சொல்லணும். வேற மூச்சு விடக் கூடாது"ன்னேன். அம்மாவும் மகனும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாவ. அந்த அம்மா தலைய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுச்சு. மக்ரூன் பெட்டிய ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு, பயந்து பயந்து எனக்குப் பால் இல்லாத கட்டங்காப்பி போட்டுக் குடுத்துச்சு.

ஞானதுரை சார் ட்ரையல் வைக்கணும்னாரு. எல்லாப் பையனையும் பந்து குடுத்து ஓட விட்டுப் பாத்துத்தான் எடுப்பாரு. நான் விடுவேனா? "சார், இவன கிரவுண்டுல இறக்குனா மதில் மேல வேதமாணிக்கம் ஆளு இருப்பான். பாத்தான்னா ராத்திரியோட ராத்திரியாத் தூக்கிட்டுப் போயிருவான்"ன்னேன். சார் பையன மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. பிறகு என்னப் பாத்தாரு. "அண்ணாச்சி, நீங்க இவன் ஆடி உங்க கண்ணால பாத்தியளா?"ன்னாரு. "மூணு கோல் சார்"ன்னேன். வேற ஒண்ணும் கேக்கல, கையெழுத்துப் போட்டாரு. எனக்காகப் போட்டாரு, பாத்துக்கிடுங்க. அன்னிக்குச் சாயங்காலம் கடைக்கு வந்தவனுக்கெல்லாம் ஒரு மக்ரூன் சும்மா குடுத்தேன். "பாரு, ஒருத்தனக் கொண்டாந்திருக்கேன்"ன்னு ஊரெல்லாம் சொன்னேன்.

ப்ராக்டீஸ் ஆரம்பிச்சுச்சு. பந்து வந்தா பையன் கண்ண மூடுதான். சரி, மணல்ல ஆடுனவன், கெட்டித் தரை புதுசுன்னேன். பூட்ஸ் போட்டா பந்த விட்டுட்டுத் தரைய உதைக்கான். வெறுங்கால்ல பழகுனவன்னேன். இடது கால்ல அடிலன்னா எது இடதுன்னு ஒரு நிமிசம் யோசிக்கான். மெஸ் சாப்பாடு ஒத்துக்கலன்னேன். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொல்லிட்டு நீல நாற்காலில உக்காந்திருப்பேன், உள்ளுக்குள்ள மட்டும் பக்பக்குன்னு இருக்கும்.

பிறகு வந்துச்சு பாளையங்கோட்டை மேட்ச். எங்களுக்கும் வேதமாணிக்கத்துக்கும். நான் எங்க பசங்களோட பெஞ்சுல உக்காந்திருக்கேன். அவங்க டீம் இறங்குது. ஒருத்தன் ஓடி வாரான். நான் முகத்தப் பாக்கல, காலத்தான் பாத்தேன். அதே இடது கால்! உலகத்துல அப்படி இன்னொரு கால் கிடையாது. எந்திரிச்சு நின்னு கத்திட்டேன், "ஏலே சஜினு! நீ அங்க நின்னு என்னல செய்த?"ன்னு. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பாக்கு. "தூக்கிட்டானுவளே, நம்ம பையனத் தூக்கிட்டானுவளே"ன்னு நான் புலம்புதேன்.

யாரோ என் சட்டையப் பிடிச்சு இழுத்தான். திரும்பிப் பாத்தா, பக்கத்துலயே, கையில தண்ணி பாட்டிலோட உக்காந்திருக்கான். "அண்ணாச்சி, நான் இங்கதான் இருக்கேன்"ங்கான், மெதுவா.

அன்னிக்கு நாங்க நாலுக்கு சைபர் தோத்தோம். அத விடுங்க. திரும்பி வரும்போது பஸ்ஸுல கடைசி சீட்ல வச்சு எல்லாத்தையும் சொன்னான். திருவிழாப் பந்துல அந்தந்த ஊர்க் கோயில்ல ஞானஸ்நானம் வாங்குனவன் மட்டும்தான் ஆடலாம்னு சட்டமாம். எல்லா ஊரும் சட்டத்துக்குத் தலைய ஆட்டிட்டு, வெளியூர்ல இருந்து நல்லா ஆடுதவனக் கூப்பிட்டு, சொந்த ஊர்ப் பையன் ஒருத்தன் பேருல இறக்கிருவானாம். அந்த வருசம் சூசைத்துறை இறக்குனது பிரிட்டோன்னு ஒருத்தன. பேரு குடுத்தது இவன். மூணு கோல் விழும்போது இவன் தலையில துண்டப் போட்டுக்கிட்டு வள்ளத்துக்குப் பின்னால நின்னானாம், யாரும் ரெண்டு சஜினப் பாத்துரக் கூடாதுன்னு.

தோத்த ஊர்க்காரன் ராத்திரியே புகார் குடுத்துட்டான். மறுநாள் விசாரணைக்குக் கமிட்டி வரும், யாரு கேட்டாலும் ஒம்பதாம் நம்பர் சஜின்தான்னு சொல்லணும், இல்லன்னா கோப்பை போயிரும்னு ஊரே முடிவு பண்ணியிருக்கு. விடியக்காலம் கதவத் தட்டி நின்னது யாரு? நான். வெள்ளச் சட்டையோட. "அம்மை உங்களக் கமிட்டிக்காரர்னு நினைச்சா அண்ணாச்சி"ங்கான். "நீங்க சீட்டுத் தாரேன்னதும் ஏதோ சோதிக்கீங்கன்னு நினைச்சா. நான் சொல்லத்தான் வந்தேன். நீங்க பேசவே விடல."

இதுல இன்னொரு கூத்து கேளுங்க. அந்த பிரிட்டோ ஏப்ரல் மாசமே வேதமாணிக்கத்துல சேர்ந்துட்டானாம். எவன் அவனத் தூக்கிரக் கூடாதுன்னு நான் லாட்ஜ்ல தூங்காமக் கிடந்தேனோ, அவன் ஹாஸ்டல்ல அவனுக்குக் கட்டிலே போட்டாச்சு. மோசஸ் துரை தன் காலேஜுப் பையன் ஆட்டத்தப் பாக்க வந்து கடலை தின்னுட்டு நின்னிருக்காரு! இப்படி ஒரு நம்பிக்கை மோசம் உண்டா தம்பி?

சஜின் அழுதான். "என்னத் திருப்பி அனுப்பிராதீங்க அண்ணாச்சி"ன்னான். ஏன்னு கேட்டேன். ஊருக்குப் போனா அப்பா கூடக் கடலுக்குத்தான் போகணும். இவனுக்குக் கடல் ஒத்துக்காது. வள்ளம் கரைய விட்டு நகந்தாலே வாந்தி. ரெண்டு தடவ போய், ரெண்டு தடவையும் பாதி உசுரா வந்திருக்கான். மீன்பிடிக்கிறவர் வீட்ல பிறந்தவனுக்கு இது வெளிய சொல்லக்கூடிய விசயமா? காலேஜ்ல கணக்கு எடுத்திருந்தான். "கணக்கு கிளாஸ்ல உக்காந்தா தரை ஆடாது அண்ணாச்சி"ன்னான். நான் பாட்டுக்கு ஏமாந்துட்டேன்னு சொன்னா இவன் சீட்டு போயிரும். இவன் சீட்டு போச்சுன்னா, ஆள் பாக்கத் தெரியாத மக்ரூன்காரனுக்கு எதுக்குய்யா நாற்காலின்னு கேப்பானா மாட்டானா? ரெண்டும் போயிரும்.

அந்த நேரம் என் மண்டையில ஒண்ணு உதிச்சுச்சு. முட்டி!

மறுநாள் காலையிலயே மருந்துக்கடைல முட்டிக்குக் கட்டுத ரப்பர் துணி வாங்கி, அவனுக்கு மாட்டி விட்டேன். "முட்டி ஜவ்வு. ஆடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பாவம், எப்படிப்பட்ட ஆட்டக்காரன்"ன்னு சார்ட்ட சொன்னேன். சார் வாயக் கைக்குட்டையால மூடிக்கிட்டாரு, அவ்வளவு வருத்தம். "சரி அண்ணாச்சி, டீம் மேனேஜரா இருக்கட்டும், சீட்டு அப்படியே இருக்கட்டும்"ன்னாரு. நல்ல மனுசன், ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் பையன் அவசரத்துல இடது முட்டில கட்டுததுக்கு வலது முட்டில கட்டிட்டு வந்துட்டான். எனக்கு வேர்த்துட்டு. சார் பாத்துட்டு, "வலி இடம் மாறும் போல"ன்னுட்டுப் போயிட்டாரு.

காலேஜுக்கே அவன் முட்டி மேல எவ்வளவு அக்கறைங்கிய! கடைக்கு வார ஒரு பய விசாரிக்காமப் போறதில்ல. "அண்ணாச்சி, சஜின் முட்டி எப்படி இருக்கு?" "அண்ணாச்சி, முட்டி இன்னிக்குச் சாப்பிட்டுச்சா?" அப்படி ஒரு பாசம். கேட்டுட்டு, அந்த வேதனை தாங்காம முகத்தத் திருப்பிக்கிட்டு ஓடுவானுவ. ஒரு மேட்சுக்கு முந்தி பிரின்சிபால் ஜெபம் பண்ணும்போது, "நம் மாணவர் சஜினின் முட்டிக்காகவும்"ன்னாரு. மொத்தக் கூட்டமும் குனிஞ்சு தோள் குலுங்குது. நான் அழுதே போட்டேன். ஜெயசீலி மட்டும், "ஊருக்கே தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது"ம்பா. என்ன தெரியும்னு கேட்டா முந்திரி இடிக்கப் போயிருவா.

அட, இது என்ன ஊரு? இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கா? அப்ப முடிச்சுரலாம். பெட்டி நேரா இருக்கா? இருக்கட்டும்.

அடுத்த வருசம் மே மாசம். பிரஷர் ஏறுத நேரம். சார் சொன்னாரு, "சஜினையும் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி"ன்னு. ஒரு கடற்கரை ஊர்ல மேட்ச். நாலாம் நம்பர்காரன் ஒருத்தன் மதில் மாதிரி நிக்கான், அவனத் தாண்டிப் பந்து போகல. மைக்ல "ஷிபு, ஷிபு"ங்கான். அந்தப் பக்கம் மோசஸ் துரை குறிச்சுக்கிடுதாரு. நான் பெட்டியத் தூக்கிட்டு எந்திரிச்சேன். சஜின் என் கையப் பிடிச்சான். "அண்ணாச்சி, உக்காருங்க. அது ஷிபு இல்ல. ஷிபு அந்தா ஐஸ் தின்னுட்டு நிக்கான். களிக்கவன் ரெஜின், அடுத்த கரைக்காரன்"ங்கான்.

தம்பி, அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோசம்! இந்தக் கடற்கரைல எந்தச் சட்டைக்குள்ள எந்த ஆளுன்னு சஜினுக்கு அத்துப்படி. பேரு குடுக்கவனுவ எல்லாம் இவன் கூட்டாளிங்க, சேர்ந்து வள்ளத்துக்குப் பின்னால ஒளியுதவனுவ. நாங்க நேரா ரெஜின் வீட்டுக்குப் போயி ஆள முடிச்சுட்டோம். மோசஸ் துரை அல்வாவோட ஷிபு வீட்டுக்குப் போனாரு. இப்ப ஷிபு வேதமாணிக்கத்துல இருக்கான், பந்தக் கண்டா ஒதுங்கி வழி விடுதானாம். அவங்க பி.டி.க்கு முட்டி யோசனை வந்துச்சோ என்னமோ தெரியல.

இந்த வருசம் ஃபைனல்ல அவங்களையே ரெண்டுக்கு ஒண்ணுன்னு அடிச்சோம். ரெஜின் அந்த பிரிட்டோவ அசைய விடல. அந்த இடது காலப் பாக்க எனக்கே பாவமா இருந்துச்சு. கப்பு வாங்கினதும் சார் மைக்கப் பிடிச்சு, "இந்த வெற்றிக்குக் காரணம், சஜினைக் கண்டுபிடித்த நம்ம பொன்சிங் அண்ணாச்சி"ன்னாரு. கைதட்டுன்னா கைதட்டு. சிரிக்கான், விசிலடிக்கான், நாற்காலியோட என்னத் தூக்கிட்டுக் கிரவுண்டச் சுத்துதான். எங்க சரிவான கிரவுண்டுல நாற்காலி ஒரு பக்கமாச் சாயுது, நான் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். இப்பச் சொல்லட்டும், என் கண்ணு தப்புன்னு எவன் சொல்லுதான்?

சஜின் இப்பப் படிச்சு முடிச்சுட்டான். கணக்குல யுனிவர்சிட்டி ரேங்க். மேல் படிப்புக்கு மார்க்லயே சீட்டு. முட்டி தேவையில்ல. போன வாரம் சார் வந்து, "இனி அவுத்துரலாம் அண்ணாச்சி, முட்டிக்கும் கொஞ்சம் காத்துப் படட்டும்"ன்னு சொல்லிட்டு என் தோளத் தட்டிட்டுப் போனாரு. குணமாயிட்டுன்னு நினைச்சுட்டாரு போல, வெள்ளந்தி.

ஆனா ஒரு ஆளு பாக்கி இருக்கு. பிலோமினாள் அம்மா. வருசா வருசம் திருவிழாவுக்கு இந்தப் பெட்டியோட அந்த வீட்டுக்குப் போவேன். நெய்மீன் குழம்பு வச்சு, எதுத்தாப்ல நின்னு பரிமாறும். பேச்சு எங்கெங்கயோ சுத்தும், கடைசில நான் கேப்பேன், "ஏம்மா, அன்னிக்கு ஒம்பதாம் நம்பர்..." நான் முடிக்கக்கூட விடாது. "எனக்க மவன்தான் சாரே. நீங்க பாத்தது சரிதான்"னு சொல்லி இன்னொரு துண்டு மீன் வைக்கும். போன வருசம் சொல்லும்போது லேசாச் சிரிச்சுச்சு. முன்ன மாதிரி நடுக்கமெல்லாம் இல்ல.

சஜின் சொல்லுதான், "அம்மைக்கிட்ட எல்லாத்தையும் பேசி முடிச்சிருவோம் அண்ணாச்சி"ன்னு. எப்படிச் சொல்ல? மூணு வருசமா அந்த அம்மா ஒரு சத்தியத்தக் காப்பாத்திட்டு இருக்கு. எனக்கு எல்லாம் தெரியும்னு சொன்னா அது மனசு என்ன பாடுபடும்? நான் சொல்ல மாட்டேன். உங்கள்ட்ட உள்ளதச் சொன்னா என்ன, தம்பி. கப்பு, கைதட்டு எல்லாம் இருக்கட்டும். ராத்திரி படுத்தா, மூணு கோல் பாத்து அழுதேனே, அது எனக்கு முழுக்கப் பொய்யாப் போச்சேன்னு ஒரு வலி வரும். நீங்க பாத்தது சரிதான்னு நேருக்கு நேரா ஒருத்தர் சொல்லிக் கேக்கணும். அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வாரேன்.

சரி, மாதா கோயில் கோபுரம் தெரியுது. வாரேன் தம்பி, பெட்டியக் குடுங்க. ஏன், நீங்களும் எந்திரிக்கிய? நீங்களும் சூசைத்துறையா? அட, முதல்லயே சொல்ல வேண்டியதுதானே! நான் கேட்டேனே! சூசைத்துறைல எங்க? கோயில் தெருவா? அப்ப அன்னிக்கு அந்த மேட்ச்சுக்கு நீங்களும்... ஐயையோ, நான் பாட்டுக்கு எல்லாத்தையும்...

என்னது? சத்தமாச் சொல்லுங்க, பஸ் இரைச்சல்ல கேக்கல.

ஒம்பதாம் நம்பர் சஜின்தானா? நீங்களே கண்ணால பாத்தியளா? மூணு கோலும் அவன்தானா?

பாத்தியளா! நான் சொன்னா எவன் கேக்கான். இந்தா, பெட்டியத் திறங்க தம்பி. ஒண்ணு எடுத்துக்கிடுங்க. சும்மா எடுங்க, ரெண்டா எடுங்க, நொறுங்குனாப் போகுது.